வடசென்னையின் மணற்கடன்

தொழில் வேண்டுமா, கடற்கரை வேண்டுமா என்று மக்களைப் பார்த்துக் கேட்பது ஆட்சியாளர்க்கும் பெருமுதலாளிகளுக்கும் வழக்கமாகிவிட்டது. இவ்வினாவே சூழ்ச்சியுடையது. தொழில் வேண்டும் என்று விடை சொல்பவன் கடற்கரையை விட்டுக்கொடுத்தவன் ஆகின்றான். கடற்கரை வேண்டும் என்பவனோ முன்னேற்றத்திற்குப் பகைவன் எனத் தூற்றப்படுகின்றான். உன் இரு கைகளுள் எதை வெட்டிக் கொள்கின்றாய் என்று ஒருவனைக் கேட்பதற்கு இஃது ஒப்பாகும். கேட்க வேண்டிய வினாக்கள் வேறு. தொழிலால் வரும் ஊதியம் யாருக்குச் சேர்கின்றது? அதனால் கரைக்கு நேரும் இழப்பை யார் சுமக்கின்றனர்? இழந்ததைத் திருப்பித் தருவது யார் கடமை? இம்மூன்று வினாக்களுக்கும் சென்னை மாநகரின் கடற்கரையே ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக விடை சொல்லிக் கொண்டிருக்கின்றது. கேட்பார்தாம் இலர்.

துறைமுகமும் மணற்கரையும் ஒன்றையொன்று அழித்தே வாழ வேண்டியவை அல்ல என்பதைத் தமிழர்க்குப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் சோழனின் புலிப்பொறி இட்டுச் சுங்கம் கொள்வோரையும், மலைபோற் குவிந்த சரக்கு மூட்டைகளையும் காட்டுகின்றது. அதே பாட்டு, முழுநிலா நாளில் கடலுக்குச் செல்லாமல் சுறாக்கொம்பு நட்டு வழிபட்டு, மணலில் ஆடிக் களிக்கும் பரதவரையும் காட்டுகின்றது. வணிகன் ஏற்றுமதி செய்தான். மீனவன் வலை உணக்கினான். இருவர்க்கும் ஒரே கரை இடந்தந்தது. நெய்தல் என ஒரு திணையையே வகுத்து வாழ்ந்த இனத்திற்கு, கடற்கரை என்பது விற்பனைக்குரிய மனையிடம் அன்று. ஒரு மக்களின் வாழ்நிலம்.

கரையை மாற்றிய இரு சுவர்கள்

சென்னைக்கு இயற்கையாய் அமைந்த துறைமுகம் இல்லை. வெள்ளையர் கோட்டை கட்டிய காலந்தொட்டுக் கப்பல்கள் கரையணுக இயலாமல் தொலைவிலேயே நின்றன. ஆளும் சரக்கும் மசுலாப் படகுகளில் ஏறி, மோதும் அலைகளைக் கடந்தே கரை சேர வேண்டியிருந்தது. இத்தொல்லையைத் தவிர்க்க 1861ஆம் ஆண்டில் கடலுக்குள் நீண்ட ஓர் இருப்புப் பாலத்துறை அமைக்கப்பட்டது. அது போதாமையால், 1870களின் நடுப்பகுதியில் கடலுக்குள் இரு பெருங்கற்சுவர்களை எழுப்பும் பணி தொடங்கிற்று. 1881ஆம் ஆண்டுப் புயல் அச்சுவர்களைச் சிதைத்தது. மீண்டும் கட்டி முடிக்க 1896 வரை ஆயிற்று.

இச்சுவர்கள் அலையைத் தடுத்தன என்பது உண்மை. ஆனால், அலையோடு வந்த மணலையும் தடுத்தன. சோழமண்டலக் கரையில் மணல் ஒருநாளும் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் நீண்ட திங்கள்களில் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டு செல்கின்றது. வடகிழக்குப் பருவக்காற்றின் சில திங்கள்களில் அதை வடக்கிலிருந்து தெற்கே தள்ளுகின்றது. இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்க்கின், ஆண்டுதோறும் பல இலக்கம் கனமீட்டர் மணல் வடக்கு நோக்கி நகர்வதே இக்கரையின் இயல்பு. ஆறு ஓடுவதுபோல் கரையோரமாக மணலும் ஓடுகின்றது. ஓடும் ஆற்றின் குறுக்கே அணை கட்டினால் மேற்புறம் தேக்கமும் கீழ்ப்புறம் வறட்சியும் உண்டாவது போலவே, ஓடும் மணலின் குறுக்கே சுவர் எழுப்பினால் தென்புறம் மணல் மேடும் வடபுறம் அரிப்பும் உண்டாகும். இதை அறியப் பேரறிவு வேண்டுவதில்லை. இக்கரையில் வாழ்ந்த மீனவர் அனைவரும் அறிந்த செய்தியே இது.

தெற்கே தேங்கிய மணல்தான் இன்றைய மெரீனா. ஒரு காலத்தில் கோட்டை மதிலுக்கு அண்மையில் அலையடித்தது. இன்று கடல் அங்கிருந்து நெடுந்தொலைவு விலகி நிற்கின்றது. 1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்டு டப் என்பார், சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் தாம் கண்ட கடற்கரையை நினைந்து, இங்கு நடைபாதை அமைத்து அப்பெயரையே சூட்டினார். பெயர் அவர் தந்தது. மணலை அவர் தரவில்லை. துறைமுகச் சுவர் தந்தது. ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நீளமும், பல இடங்களில் 300 மீட்டருக்குக் குறையாத அகலமும் கொண்டு உலகோர் வியக்கக் கிடக்கும் அப்பெருமணல், வடக்கே இராயபுரத்திற்கும் தண்டையார்ப்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணலே ஆகும். தென்சென்னை மாலைக் காற்று வாங்கும் இடம், வடசென்னையினின்று கடனாகப் பெறப்பட்ட இடம். கடன் வாங்கியவர் மறந்துவிட்டனர். கடன் கொடுத்தவர் இன்னும் வட்டி கட்டிக் கொண்டிருக்கின்றனர்.

மெரீனாவுக்குக் கிடைத்ததும் முழு வரவன்று. அதே மணல் கூவத்தின் கழிமுகத்தில் திட்டாகத் திரண்டு, ஆற்றின் வாயை அடைக்கின்றது. துறைமுகத்தின் கிழக்கு வாயிலையும் மணல் தூர்த்தமையால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிசு சிபிரிங் என்னும் பொறியாளர் தலைமையில் அவ்வாயில் மூடப்பட்டு, வடகிழக்கில் புதுவாயில் திறக்கப்பட்டது. துறைமுகத்திற்குத் தொல்லை நேர்ந்தபோது உடனே அறிவு வேலை செய்தது, பொறியாளர் வந்தார், பணம் வந்தது. திருவொற்றியூரின் வீடுகளுக்குத் தொல்லை நேர்ந்தபோது வந்தவை கருங்கற்கள் மட்டுமே.

கல்லணை கரையாகாது

துறைமுகத்திற்கு வடக்கே நடந்தது என்ன என்பதைப் பலரும் அறிவதில்லை. அறிய வேண்டும் என்று எண்ணுவதும் இல்லை. இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் ஆண்டுதோறும் நிலத்தைத் தின்று கொண்டே வந்தது. வலை உணங்கிய மணல் போயிற்று. கட்டுமரம் ஏற்றிய மேடு போயிற்று. தெருக்களும் வீடுகளும் போயின. கரை பல நூறு மீட்டர் பின்வாங்கிற்று. பின்னர் நீளநெடுகக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. ஆங்காங்கே தூண்டில் வளைவுகள் கட்டப்பட்டன. அக்கற்களை ஒட்டியே துறைமுகத்திற்குச் சரக்கேற்றிச் செல்லும் சுமையுந்துகளின் சாலையும் அமைந்தது.

கல்லைக் கொட்டியது சாலையையும் வீட்டையும் காத்தது. ஆனால் கரையைக் காக்கவில்லை. கல்லணைக்கும் கடற்கரைக்கும் உள்ள வேறுபாட்டை, கட்டுமரத்தைக் கரையேற்றும் கையே அறியும். மணற்சரிவில் அலையோடு ஏறிவரும் படகு, பாறைக் குவியலில் மோதினால் உடைந்து போகும். கருவாடு உணக்கும் பெண்டிர்க்குப் பாறையில் இடமில்லை. ஆடும் சிறார்க்குப் பாறையில் களமில்லை. மேலும், ஓரிடத்தில் கல்லைக் கொட்டினால் அரிப்பு நிற்பதில்லை. கல் முடியும் இடத்திற்கு அப்பால் போய் அடுத்த குப்பத்தைப் பற்றுகின்றது. அங்கும் கல், அதற்கப்பாலும் கல் எனக் கடற்கரை என்பதே கல்வரிசையாக மாறும்வரை இவ்வேலை ஓய்வதில்லை. வடசென்னையில் பிறந்து வளரும் ஒரு குழந்தை, கடலைத் தன் தெருமுனையில் வைத்துக்கொண்டே, மணலில் கால்வைப்பதற்குப் பேருந்தேறித் தெற்கே வர வேண்டியிருக்கின்றது. இதைவிடக் கொடிய ஏற்றத்தாழ்வு ஒரு மாநகரில் வேறென்ன வேண்டும்?

புகையும் சாம்பலும் வடக்கே

மணல் மட்டுந்தான் இப்படிப் பங்கிடப்பட்டது என்று எண்ண வேண்டா. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இருப்புத்தாதும் கையாளப்பட்டபோது, அக்கரித்தூசி சுற்றுப்புறத்தில் வாழ்வோர் நெஞ்சில் படிந்தது. 2011ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் தலையிட்டு, அச்சரக்குகளை அங்குக் கையாளக் கூடாதென ஆணையிட்டது. ஆணை நல்லதே. ஆனால் கரி எங்குச் சென்றது? எண்ணூருக்குச் சென்றது. ஒரு பகுதியின் மூச்சு காக்கப்பட்டது. அத்தூசி வடக்கே அனுப்பப்பட்டது. வடக்கே வாழ்வோர்க்கு நெஞ்சு இல்லையா, மூச்சு இல்லையா என்று யாரும் கேட்கவில்லை.

எண்ணூர், வடசென்னை, வல்லூர் என ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த அனல்மின் நிலையங்கள் மாநகர்க்கு ஒளி தந்தன. அவற்றின் சாம்பற்குழம்பு கொற்றலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்தது. மீனும் இறாலும் நண்டும் விளைந்த நீர்ப்பரப்பு தூர்ந்தது. 2001ஆம் ஆண்டில் எண்ணூர்த் துறைமுகம் செயற்பாட்டுக்கு வந்தது. 2017ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் அத்துறைமுகத்திற்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் கரையில் திரண்டபோது, பல கோடிப் பணத்தில் துறைமுகம் நடத்துவோரிடம் அதை அள்ளப் போதிய பொறி இல்லை; வாளிகளைக் கொண்டு கைகளால் அள்ளினர். 2023 திசம்பரில் புயல்மழை வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வழிந்த எண்ணெய், எண்ணூர்க் கழிமுகத்தைக் கருமையாக்கிற்று. அதே திங்கள் 26ஆம் நாள் நள்ளிரவில், கடலடிக் குழாயொன்றிலிருந்து வெளிப்பட்ட அமோனியா வளி, உறங்கிக் கொண்டிருந்த மக்களைத் தெருவுக்கு விரட்டிற்று.

இவையெல்லாம் தனித்தனி நேர்வுகள், தவிர்க்க இயலாதன என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார் உளர். ஒரே கரையில், ஒரே மக்கள்மீது, ஒன்றன்பின் ஒன்றாக விழுவது தற்செயல் ஆகாது. ஊதியத்தை ஓரிடத்திலும் இழப்பை இன்னோரிடத்திலும் வைத்துக் கணக்கெழுதும் முறையே இதற்குக் கரணியம்.

எதிர்ப்புரைகளும் விடைகளும்

தொழில் இல்லாமல் மக்கள் எப்படி வாழ்வர் என்று கேட்பார்க்கு ஒரு சொல். வடசென்னை மக்களைப்போல் தொழிலை நேசித்தவர் தமிழகத்தில் வேறிலர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும், ஆலைகளில் இரும்பு உருக்கியவரும், பணிமனைகளில் பொறிகளைப் பழுது பார்த்தவரும் அவர்களே. இந்தியாவிலேயே முதன்முதலாக 1923ஆம் ஆண்டு மே முதல் நாளன்று தொழிலாளர் நாளைக் கொண்டாடியவர் சிங்காரவேலர். அவர் சென்னைக் கடற்கரைக் குப்பமொன்றில் மீனவர் குடியில் தோன்றியவர். அவ்விழா நடந்த இடமும், உயர்நீதிமன்றத்திற்கு எதிரேயும் திருவல்லிக்கேணியிலும் இருந்த கடற்கரை மணலே. தொழிலாளியும் மீனவனும் இருவேறு பகைக்குழுவினர் அல்லர். ஒரே குடும்பத்தின் அண்ணனும் தம்பியும் ஆவர். அண்ணன் வேலைக்குப் போகத் தம்பியின் படகுத்துறை பறிபோக வேண்டும் என்பது தொழிற்கொள்கை அன்று. குடும்பத்தைப் பிரித்தாளும் கொள்கை.

கடலரிப்பு இயற்கையின் செயல், அதற்குத் துறைமுகம் என்ன செய்யும் என்று கேட்பாரும் உளர். இயற்கையின் செயலாயின், துறைமுகத்தின் தென்புறம் மணல் மலிவதும் வடபுறம் மணல் மெலிவதும் ஏன்? புதுச்சேரியைப் பார்க்கலாம். 1980களின் பிற்பகுதியில் அங்குத் தேங்காய்த்திட்டுக் கழிமுகத்தில் துறைமுகச் சுவர்கள் எழுந்தன. அடுத்த சில ஆண்டுகளிலேயே, சுவர்களுக்கு வடக்கே இருந்த நகரக் கடற்கரையின் மணல் முழுதும் மறைந்து, கருங்கல் வரிசையே எஞ்சிற்று. இரண்டு நகர்களில், நூறாண்டு இடைவெளியில், ஒரே வகைச் சுவர் ஒரே வகைக் கேட்டைச் செய்திருக்கின்றது. இதற்குப் பின்னும் இயற்கையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அறமாகாது.

இனி, அழகுபடுத்துதல் என்னும் போர்வையில் வருவாரையும் இங்குச் சுட்டுதல் வேண்டும். கடற்கரையைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே அதிலிருந்து மீனவரை அகற்ற முனைவது இவர்தம் வழக்கம். 1985ஆம் ஆண்டில் மெரீனாவை அழகுபடுத்துவதாகக் கூறிப் படகுகளையும் வலைகளையும் அப்புறப்படுத்தியபோது எழுந்த மோதலில், துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தனர். 2023 ஏப்பிரலிலும் அதே கரையில், சாலையோரம் மீன் விற்ற பெண்டிரின் கடைகள் அகற்றப்பட்டன. ஆலைக்காக மீனவரை விரட்டுவதும் அழகுக்காக மீனவரை விரட்டுவதும் ஒன்றே. கடற்கரை பொதுவிடம் என்றால், அங்கு உலாவ வருவோர்க்கும் பொது. உழைத்து வாழ்வோர்க்கும் பொது. கூடிக் குரல் எழுப்புவோர்க்கும் பொது. 1938இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் மக்கள் திரண்டதும், 2017இல் ஏறுதழுவல் உரிமைக்காக இளைஞர் இரவும் பகலும் அமர்ந்ததும், சுவரும் கதவும் இல்லாத அப்பொதுவிடம் இருந்தமையாலேயே அல்லவா? அத்தகைய மணல்வெளி வடசென்னை மக்களுக்கு இல்லாமற் போனது, காற்று வாங்கும் இடம் இல்லாமற் போனதைவிடப் பெரிய இழப்பு.

மணலைத் திருப்பித் தர வழி உண்டு

துறைமுகத்தை இடித்துத் தள்ள வேண்டும் என்று அறிவுடையோர் யாரும் சொல்லார். சுவர் இருக்கலாம், மணல் மட்டும் அதைக் கடந்து செல்ல வழி செய்தல் வேண்டும். இது கற்பனை அன்று. ஆத்திரேலியாவில் துவீடு ஆற்றின் வாயிலில் இருந்த சுவர்களை 1960களில் நீட்டிக் கட்டினர். அங்கும் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்வதுதான் இயல்பு. எனவே சென்னையில் நிகழ்ந்ததே அங்கும் நிகழ்ந்தது: வடக்கே குயின்சிலாந்தின் புகழ்பெற்ற பொன்கரை மணலிழந்தது. ஆனால் அவர்கள் கல்லைக் கொட்டியதோடு நின்றுவிடவில்லை. இரு மாநில அரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டு, தெற்கே சேரும் மணலைப் பொறிகளால் உறிஞ்சிக் குழாய் வழியே வடகரைக்கு அனுப்பும் அமைப்பை ஏற்படுத்தின. 2001 முதல் அஃது இயங்கி வருகின்றது. ஆண்டொன்றுக்குச் சற்றொப்ப ஐந்து இலக்கம் கனமீட்டர் மணல் அவ்வாறு சுவரைக் கடக்கின்றது.

அவ்வளவு தொலைவு போவானேன்? விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தார் தூர்வாரும் மணலை அந்நகரின் கடற்கரைக்கே கொண்டுவந்து இறைக்கின்றனர். புதுச்சேரியிலும் சென்னையில் உள்ள நாட்டுக் கடற்பொறியியல் நிறுவனத்தின் திட்டப்படி, நீருக்கடியில் தடுப்பமைத்து மணல் நிரப்பியதால், 2018, 2019 ஆண்டுகளில் மறைந்துபோன மணற்கரையின் ஒரு பகுதி மீண்டது. சென்னையிலேயே அறிவு இருக்கின்றது; சென்னையின் தென்புறத்திலேயே மணல் இருக்கின்றது; சென்னையின் வடபுறத்தில்தான் தேவையும் இருக்கின்றது. இல்லாதது ஒன்றே ஒன்று: வடசென்னை மக்களையும் மாநகரின் மக்களாக மதிக்கும் மனம்.

செலவு மிகுதியாகும் என்று கணக்கர்கள் சொல்வர். ஆகட்டும். நிலக்கரி வாங்கும்போது அதன் விலையைச் செலவாக எழுதுகின்றனர். பொறி தேய்ந்தால் அத்தேய்மானத்தையும் எழுதுகின்றனர். கரை தேய்ந்தால் மட்டும் ஏன் எழுதுவதில்லை? அத்தேய்மானத்தை மீனவர் தம் வீட்டாலும் படகாலும் கட்டி வருவதாலேதான், துறைமுகத்தின் ஊதியக் கணக்கு அவ்வளவு பெரிதாகத் தோன்றுகின்றது. பிறர் தோளில் சுமையை ஏற்றிவிட்டு, நான் விரைந்து நடக்கின்றேன் என்று பெருமை பேசுவதற்கு இஃது ஒப்பாகும்.

சட்டத்தின் தேய்வு

கடற்கரையைக் காக்க வேண்டும் என்னும் எண்ணம் நடுவணரசுக்கு ஒரு காலத்தில் இருந்தது. 1981 நவம்பரில் தலைமையமைச்சர் இந்திரா காந்தியார் கடலோர மாநில முதலமைச்சர்களுக்கு மடல் எழுதி, உயரலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கரையை ஊறுபடாமல் காக்குமாறு கேட்டுக்கொண்டார். பின்னர் 1991ஆம் ஆண்டு பிப்பிரவரியில் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை வெளிவந்தது. அஃது அடுத்தடுத்துத் திருத்தப்பட்டது. 2011இல் ஒரு புதுவடிவம், 2019இல் இன்னொரு புதுவடிவம். ஒவ்வொரு முறையும் சட்டநூல் தடித்தது, கரை மெலிந்தது. 2019ஆம் ஆண்டு வடிவத்தில், மக்கள் நெருங்கி வாழும் கடலோரச் சிற்றூர்ப் பகுதிகளில் கட்டடம் எழுப்பத் தடையுள்ள எல்லை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கப்பட்டது. துறைமுகங்களோ, நீரோரத்தில் அன்றி வேறெங்கும் அமைய இயலாதவை என்னும் கரணியத்தால், முதலிலிருந்தே இசைவு பெற்றவையாக உள்ளன.

கப்பல் நிற்க நீர் வேண்டும் என்பது உண்மை. ஆனால் கப்பலில் இறங்கிய சரக்கை அடுக்கி வைக்கவும், அதைச் சுற்றி ஆலைகள் எழுப்பவும், மனையிடம் பிரிக்கவும் கடற்கரை எதற்கு? எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் ஏறத்தாழ 330 ஏக்கரில் இயங்கும் தனியார் துறைமுகத்தை 6,100 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதற்குக் கடலையே தூர்த்து நிலமாக்கவும் எண்ணினர். அதற்கான கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 சனவரியிலும், மீண்டும் 2023 செப்தம்பரிலும் மக்கள் எதிர்ப்புக்கிடையே தள்ளிவைக்கப்பட்டது. அங்குக் கடலுக்கும் பழவேற்காட்டு நீர்ப்பரப்புக்கும் இடையே ஒடுங்கிய மணற்பட்டையே உள்ளது. இன்னும் நீண்ட சுவர்களைக் கட்டி அதன் வடபகுதியை அரிக்கவிட்டால், இராயபுரத்தில் நிகழ்ந்தது அங்கும் நிகழும். இராயபுரத்தில் போனவை தெருக்கள். அங்குப் போகக்கூடியது ஓர் ஏரியின் காப்பரண்.

செய்ய வேண்டுவன

வெறுமனே குறை சொல்லிச் செல்வது பயன் தராது. தொழிலும் வாழ்ந்து கரையும் வாழ ஐந்து செயல்கள் உடனே தொடங்கப்படுதல் வேண்டும்.

முதலாவது, மெரீனாவுக்கு உள்ள அதே மதிப்போடு, இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கரையும் மாநகரின் பொதுக்கடற்கரை என அறிவிக்கப்படுதல் வேண்டும். பெயரளவில் அன்று, மணலளவில்.

இரண்டாவது, ஒவ்வொரு துறைமுகமும் தன் சுவர்களால் தெற்கே எவ்வளவு மணல் தேங்கிற்று, வடக்கே எவ்வளவு கரை அழிந்தது என்னும் மணற்கணக்கை ஆண்டுதோறும் அளந்து தமிழில் வெளியிடுதல் வேண்டும். ஊர்மக்கள் படித்துணர முடியாத மொழியில் எழுதிய அறிக்கை, எழுதாத அறிக்கைக்கு ஒப்பாகும்.

மூன்றாவது, தேங்கிய மணலை வடக்கே கடத்தும் அமைப்பு நிலையாக நிறுவப்படுதல் வேண்டும். அதன் செலவு, இறங்கும் ஒவ்வொரு சுமைச் சரக்கின் மீதும் மணல்தீர்வையாக விதிக்கப்படுதல் வேண்டும். கரையைப் பயன்படுத்துவோன் கரைக்குக் கூலி கொடுப்பதில் தவறென்ன?

நான்காவது, நீரைத் தொட்டே நடக்க வேண்டிய தொழில்களுக்கு மட்டுமே கடற்கரையில் இடம் தருதல் வேண்டும். கிடங்குகளும் ஆலைகளும் குடியிருப்பும் உள்நாட்டுக்கு நகரட்டும். பழைய சுவர்கள் பறித்த மணல் திருப்பித் தரப்படும்வரை, சென்னைக்கும் பழவேற்காட்டுக்கும் இடையே புதிதாக ஒரு சுவரும் கடலில் எழக்கூடாது.

ஐந்தாவது, துறைமுக ஆட்சியில் கரைவாழ் மக்களுக்குச் சட்டப்படி இடமும் வாக்கும் வேண்டும். 2021ஆம் ஆண்டுப் பெருந்துறைமுகச் சட்டப்படி அமையும் குழுவில் மாநில அரசுக்கும், தொடர்வண்டித் துறைக்கும், படைத்துறைக்கும், சுங்கத் துறைக்கும், பணியாளர்க்கும் இடம் வகுக்கப்பட்டுள்ளது. கரையை இழந்தவனுக்கு இடம் வகுக்கப்படவில்லை. சரக்கு ஏற்றிச் செல்லும் வண்டிக்கு ஒரு பேராளர் உண்டு. சரக்கு இறங்கும் நிலத்திற்கு உரியவனுக்கு இல்லை.

இவற்றுள் எதுவும் தொழிலுக்குப் பகையானது அன்று. தொழிலின் உண்மைச் செலவைத் தொழிலே ஏற்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அச்செலவை ஏற்றபின்னும் ஊதியம் தரும் தொழில் வளரட்டும், வாழ்த்தி வரவேற்கலாம். அச்செலவைக் குப்பத்துக் குடிசைமேல் ஏற்றினால் மட்டுமே பிழைக்கக்கூடிய தொழில், தொழில் என்னும் பெயருக்கே உரியதன்று.

தென்சென்னையில் வாழும் தமிழரும் இதில் தமக்குப் பங்கில்லை என்று இருந்துவிடக் கூடாது. அவர்கள் குழந்தைகள் ஓடியாடும் ஒவ்வொரு பிடி மணலிலும் வடசென்னையின் உரிமை கலந்திருக்கின்றது. அக்கடனைத் திருப்பித் தருமாறு அரசையும் துறைமுகத்தையும் வற்புறுத்துவது வடசென்னையாரின் வேலை மட்டும் அன்று. கடன்பட்ட கரையில் நிற்போர் அனைவரின் கடமை. மணல் தெற்கிலிருந்து வடக்கே செல்வதே இக்கரையின் இயல்பு. முறைமையும் அவ்வழியே செல்லட்டும்!